பெல்ஜியன் ஏல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு பெல்ஜியன் பாட்டிலைத் திறந்தால் போதும், அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசைகட்டி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கிளாஸில் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் பீர் தயாரிப்பவன் அல்ல, குடிப்பவன்; அதுவும் மெதுவாக. மது அருந்தச் சட்டப்படி வயது வந்தவர்களுக்கானது இந்தப் பக்கம்.

பெல்ஜியன் ஏல்னா என்ன? பீர்னா எல்லாம் ஒண்ணுதானே?

பெரும்பாலானோர் பீர் என்று குடிப்பது லாகர். அதைச் சுமார் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் நொதிக்க வைத்து, பிறகு இன்னும் குளிரில் பல வாரம் ஆறப்போடுவார்கள். ஈஸ்ட் அடக்கமாக வேலை செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால் லாகரில் மால்ட் எனும் முளைகட்டிய தானியமும் ஹாப்ஸ் எனும் கசப்புப் பூவும்தான் பேசும். ஏல் என்பது வெதுவெதுப்பில், 18 டிகிரிக்கு மேல், வேறு இன ஈஸ்ட்டால் நொதிப்பது.

ஏல் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. பெல்ஜியத்துக்காரர்களின் தனித்தன்மை, ஈஸ்ட்டை அவிழ்த்துவிடுவது. இன்னும் சூடாக நொதிக்க விடுவார்கள். சேஸோன் எனும் பண்ணை பீர் வகைகள் சிலவற்றில் 30 டிகிரியையும் தாண்டும். பழ வாசனை, மசாலா வாசனை, சுள்ளென்ற உலர்ந்த முடிவு எல்லாம் அங்கிருந்து வருவதுதான். ஒரு வேடிக்கை: பெல்ஜியத்திலேயே அதிகம் விற்பது சாதாரண லாகர்தான். ஆனாலும் 2016-ல் யுனெஸ்கோ அந்த நாட்டின் பீர் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது என்றால், அதற்குக் காரணம் மற்ற நூறு வகைகள்.

லேபிள்ல "பெல்ஜியன் ஸ்டைல்"னு இருக்கு, ஆனா பெல்ஜியத்துல செஞ்சது இல்லையே. ஏமாத்துறாங்களா?

இல்லை. "ஸ்டைல்" என்ற சொல்லைப் போட்டிருப்பதே நேர்மைதான். பெல்ஜிய ஈஸ்ட்டையும் முறையையும் கொண்டு வேறு ஊரில் செய்தது என்று பொருள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1995-ல் தொடங்கிய அலகாஷ் ஆலை, கோதுமை பீரிலேயே பேர் வாங்கியது. கனடாவின் கியூபெக்கில் யூனிப்ரூ ஆலை செய்யும் "லா ஃபின் டு மோன்ட்" 9% ஆல்கஹால் கொண்ட ட்ரிப்பல் (இந்த வகையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் நான் பெல்ஜியம் என்றே சொல்வேன். ஊர்ப்பெயரைவிட எவ்வளவு நாளான பாட்டில் என்பதைப் பாருங்கள்.

வாழைப்பழ வாசனை வருது, கிராம்பு வாசனையும் வருது. எசென்ஸ் ஊத்தியிருக்காங்களா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு சொட்டு எசென்ஸ்கூடக் கிடையாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். வெளியிடுவது அது மட்டுமல்ல. போகிற போக்கில் எஸ்டர்கள் என்ற மணமுள்ள சேர்மங்களையும் விட்டுச்செல்கிறது. அதில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் இதே சேர்மம்தான். ஆக, "வாழைப்பழம் மாதிரி" என்று நீங்கள் சொல்வது வெறும் உவமை அல்ல. பழத்தில் இருக்கும் அதே பொருள் கிளாஸிலும் இருக்கிறது.

கிராம்பு வாசனை வேறு வழியில் வருகிறது. பார்லி, கோதுமைத் தோலில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சாதாரண ஏல் ஈஸ்ட்டுகள் அதைத் தொடுவதில்லை. பெல்ஜிய ஈஸ்ட்டுகளில் பல அதை உடைத்து, கிராம்பையும் மிளகையும் நினைவூட்டும் ஃபீனால் என்ற வகை மணச் சேர்மமாக மாற்றிவிடும். வேறு பீர்களில் இந்த வாசனை வந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். இங்கே அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

உண்மையிலேயே மசாலா சேர்க்கும் வகையும் உண்டு. விட்பியர் எனும் வெண்கோதுமை பீரில் மல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். இந்த வகை 1950-களில் ஹூகார்டன் ஊரில் ஏறக்குறைய அழிந்தே போனது. பால்காரராக இருந்த பியர் செலிஸ் என்பவர் 1960-களில் மீண்டும் செய்யத் தொடங்கியதால்தான் இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிறது.

டப்பல், ட்ரிப்பல், க்வாட்னா ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்கு போதையா?

அப்படிக் கணக்குப் போட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து. இவை மடங்குகள் அல்ல, வகைப்பெயர்கள். பிளெமிஷ் உச்சரிப்பில் "டுபெல்", "ட்ரிப்பெல்" என்பார்கள். டப்பல் பழுப்பு நிறம், ஆல்கஹால் 6 முதல் 8% வரை. உலர் திராட்சை, கருகிய சர்க்கரை, ரொட்டி மேலோடு போன்ற மணம். ட்ரிப்பல் பொன்னிறம், 8 முதல் 10% வரை. கிராம்பு, ஆரஞ்சு, மெல்லிய கசப்பு. பெயர்தான் மூன்று, நிறமோ டப்பலைவிட வெளுப்பு. முதல்முறை குழம்பாதவர் இல்லை. இன்றைய ட்ரிப்பல்களுக்கு முன்மாதிரி வெஸ்ட்மல்லே மடாலயம் 1934-ல் வெளியிட்டது, இப்போது 9.5%.

க்வாட் எனும் க்வாட்ருப்பல் இன்னும் கருமை, 10% அல்லது அதற்கும் மேல். இந்தப் பெயரைப் பரப்பியது 1991-ல் லா ட்ராப் என்ற நெதர்லாந்து மடாலயம். பெல்ஜிய மடங்கள் அந்தச் சொல்லை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, எண்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ரோஷ்ஃபோர் மடத்தின் பாட்டில்களில் உள்ள 6, 8, 10 ஆகியவை ஆல்கஹால் சதவீதம் அல்ல. நொதிக்கும் முன் சாற்றில் எவ்வளவு சர்க்கரைச் செறிவு இருந்தது என்பதற்கான பழைய பெல்ஜிய அளவு. ரோஷ்ஃபோர் 10-ன் ஆல்கஹால் 11.3%.

ட்ராப்பிஸ்ட், அபே ரெண்டும் சாமியார் பீர்தானே?

ட்ராப்பிஸ்ட் என்றால் ஆமாம். அறுகோண முத்திரை போட்டிருக்கும். மடாலயச் சுவருக்குள் அல்லது அதை ஒட்டிய இடத்தில், துறவிகளின் மேற்பார்வையில் தயாராக வேண்டும். வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். இந்த முத்திரையைக் காக்க 1997-ல் மடங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. பெல்ஜியத்தில் இன்று இதைப் போடக்கூடியவை ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மல்லே, வெஸ்ட்வ்ளெட்டரன் ஆகிய ஐந்து. ஆஹல் மடத்தில் துறவிகள் யாரும் இல்லாமல் போனதால் 2021-ல் அது முத்திரையை இழந்தது. பீர் மாறவில்லை, ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அபே என்றால் மடத்தின் பெயரையோ பாணியையோ தாங்கிய வணிக பீர். லெஃப் ஓர் உதாரணம். முத்திரை இல்லாதது மட்டம் என்று நினைக்க வேண்டாம். வாட்டூ ஊரின் செயின்ட் பெர்னார்டஸ் ஆலை 1946 முதல் 1992 வரை வெஸ்ட்வ்ளெட்டரன் துறவிகளுக்காக உரிமம் பெற்று பீர் செய்தது. உரிமம் முடிந்த பிறகும் அந்தக் கைப்பழக்கம் அவர்களை விட்டுப் போய்விடவில்லை.

ஜில்லுனு ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே குடிக்கலாம்ல?

குடிக்கலாம். ஆனால் வாங்கிய காசில் பாதி வீண். உறையும் குளிரில் மணம் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். என் முதல் ட்ரிப்பலை நான் அப்படித்தான் குடித்தேன், பாட்டிலில் வாய் வைத்து. "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றியது. பாதியைக் கிளாஸில் ஊற்றிவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்து எடுத்துக் குடித்தால் அது வேறு பீர்.

என் கணக்கு இது: விட்பியர் 4 முதல் 7 டிகிரி, பொன்னிற வகைகளும் ட்ரிப்பலும் 7 முதல் 10, டப்பலும் க்வாடும் 10 முதல் 14. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வெளுத்த வகைக்குப் பத்து நிமிடம், கறுத்த வகைக்கு அரை மணி நேரம் வெளியே வைத்தால் சரி. வெயில் காலம் என்றால் இதில் பாதி போதும்.

கிளாஸ் முக்கியமா? எதுல குடிச்சாலும் பீர்தானே?

பெல்ஜியத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு கிளாஸ் உண்டு. குவாக் என்ற பீருக்குரிய கிளாஸ் நிற்கவே நிற்காது. அதற்கு மரத்தில் ஒரு தாங்கி. அதெல்லாம் பாதி வியாபாரம், பாதி விளையாட்டு. ஆனால் அடிப்படையில் நியாயம் இருக்கிறது: அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் மணத்தைப் பிடித்து வைக்கும், மேலே நுரைக்கும் இடம் விடும். டூவெல் என்ற பீருக்கான கிளாஸின் அடியில் D எழுத்தைப் பொறித்திருப்பார்கள். அந்தக் கீறலிலிருந்து குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும்.

கிளாஸின் வடிவத்தைவிட முக்கியம், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருப்பது. கொஞ்சம் பிசுக்கு இருந்தாலும் நுரை படுத்துவிடும். கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தோடு ஊற்றுங்கள்.

ஊத்தினா பாதி கிளாஸ் நுரையா போயிடுது. நான் தப்பா ஊத்துறேனா?

ஓரளவு. ஆனால் நுரை இந்த பீரின் பகைவன் அல்ல. இவற்றில் பல பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பவை. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள். அதனால் வாயு சாதாரண லாகரைவிட அதிகம். கிளாஸைச் சாய்த்து மெதுவாகத் தொடங்கி, முக்கால் வந்ததும் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்பது சரியான அளவு. அதற்குமேல் போனால் காத்திருங்கள். பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

திறந்த நொடியே எரிமலைபோலப் பொங்கி வழிந்தால் அது வேறு கதை. பாட்டில் குலுங்கியிருக்கலாம், சூடாகியிருக்கலாம், வேண்டாத நுண்ணுயிர் புகுந்திருக்கலாம்.

அடியில மண்டி தங்கியிருக்கு. கெட்டுப்போச்சா?

இல்லை. முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் நொதிப்பை முடித்துவிட்டு அடங்கிய ஈஸ்ட் அது. குடித்தால் தீங்கில்லை. சிலருக்கு வயிறு கொஞ்சம் கடமுடா என்னும். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டால் தெளிவாகக் கிடைக்கும். விட்பியர் மட்டும் விதிவிலக்கு: அது கலங்கலாகத்தான் இருக்க வேண்டும், கடைசிக் கொஞ்சத்தைச் சுழற்றி மண்டியோடு ஊற்றுங்கள். ட்ரிப்பலில் நான் முதலில் தெளிவாக ஒரு கிளாஸ், பிறகு மண்டியைச் சின்னக் கிளாஸில் தனியாக என்று குடிப்பேன். ஒரே பாட்டிலில் இரண்டு ருசி.

சரி, "டேஸ்ட் பண்றது"ன்னா என்னதான் பண்ணணும்? குடிக்கிறது இல்லையா அது?

குடிப்பதுதான், கவனத்தோடு. முதலில் முகருங்கள், ஊற்றிய உடனேயே. நுரையிலிருந்து வெடிக்கும் குமிழிகள் மணத்தை மேலே வீசுவது அப்போதுதான். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு நீளமாக இழுக்க வேண்டாம். நாய் மோப்பம் பிடிப்பதுபோலக் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை. பிறகு நிறம், நுரை. நுரை கிளாஸ் சுவரில் வலைபோல ஒட்டிக்கொண்டு இறங்கினால் நல்ல சகுனம்.

அடுத்து ஒரு சின்ன மடக்கு. உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். முன்னால் இனிப்பு, நடுவில் மணம், கடைசியில் கசப்பும் உலர்வும் என்று நேர வரிசையில் வரும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இந்த ஒரு பழக்கம்தான் என் குடிப்பையே மாற்றியது. நாம் ருசி என்று நினைப்பதில் பெரும் பங்கு, தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம். மூச்சை வெளியே விடும்போதுதான் ட்ரிப்பலில் மிளகும் டப்பலில் திராட்சையும் பிடிபடும்.

அப்புறம் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மீண்டும் இதையே செய்யுங்கள். குளிர் குறையக் குறைய பீர் மாறுவதைப் பார்ப்பதுதான் எனக்கு இதில் உள்ள பாதிச் சுவாரசியம். கடைசி மடக்கு முதல் மடக்கைவிட நன்றாக இருந்தால் அது நல்ல பெல்ஜியன்.

எனக்கு ஒரு வாசனையும் தெரியல, பீர் வாசனைதான் வருது. என் மூக்கு சரியில்லையா?

மூக்கு சரியாகத்தான் இருக்கும், பேர் தெரியவில்லை. கிராம்பு, மல்லி விதை, ஆரஞ்சுத் தோல், உலர் திராட்சை நான்கையும் சின்னக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டு, பீரையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். ஒன்றாவது "ஆமா, இதுதான்" என்று தட்டும். இல்லாவிட்டால் இரண்டு வகைகளை அருகருகே வைத்துக் குடியுங்கள். தனியாக இருக்கும்போது தெரியாதது பக்கத்தில் ஒன்று இருந்தால் தெரிந்துவிடும். லேபிளில் எழுதியிருப்பதை முதலில் படிக்காதீர்கள். படித்தால் அதுதான் வரும்.

ட்ரிப்பல்ல சர்க்கரை சேர்க்கிறாங்களாமே, அப்புறம் ஏன் இனிக்கல?

கொஞ்சம் குயுக்தியான கேள்வி. சர்க்கரை சேர்ப்பதால்தான் இனிக்கவில்லை. மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது மிஞ்சிக் கனமும் இனிப்பும் தரும். சாதாரணச் சர்க்கரையை அது மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆகவே மால்ட்டில் ஒரு பங்குக்குப் பதில் சர்க்கரை போட்டால் ஆல்கஹால் ஏறும், பீரின் கனம் குறையும், முடிவு உலரும். கறுத்த வகைகளில் போடும் காண்டி எனும் கருஞ்சர்க்கரைப் பாகு இதோடு நிறத்தையும் கருகல் மணத்தையும் கொடுக்கிறது. டப்பல் "இனிக்கிறது" என்று தோன்றுவதில் பாதி அந்த மணம் செய்யும் மாயம்.

9 சதவீதம்னு போட்டிருக்கு, ஆனா தெரியவே இல்லையே?

தெரியாமல் இருப்பதுதான் இவற்றின் திறமையும் வில்லங்கமும். மேலே சொன்ன உலர்வும் வாயுவும் சேர்ந்து ஆல்கஹாலை மறைத்துவிடும். 330 மில்லி பாட்டிலில் 9.5% என்றால் சுமார் 25 கிராம் ஆல்கஹால். அதே அளவு 5% லாகரில் 13 கிராம். ஒரு பாட்டிலை இரண்டு பீராகக் கணக்கு வையுங்கள். இந்தப் பெயர்களே எச்சரிக்கைதான்: டூவெல் என்றால் பிசாசு. முதல் உலகப் போருக்குப் பின் "விக்டரி ஏல்" என்று வந்த பீரை ஒரு செருப்புத் தொழிலாளி குடித்துப் பார்த்து "இது நிஜப் பிசாசு" என்றாராம். 1923-ல் பெயரே மாறிவிட்டது. அது 8.5%.

இவ்வளவு வீரியம் ஏன் என்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-ல் பெல்ஜியம் மதுக்கூடங்களில் சாராய வகைகளை விற்கத் தடை போட்டது. காட்டமான மதுவுக்குப் பழகியவர்களுக்காக பீர் காட்டமானது. குடித்த பிறகு வண்டியைத் தொட வேண்டாம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஒரு பாட்டில்ல குதிரை லாயம் மாதிரி வாசனை. இது கெட்டதா, இல்ல இதுதான் ஸ்டைலா?

எந்த பீர் என்பதைப் பொறுத்தது. ஓர்வால் என்றால் கவலை வேண்டாம். அதில் அடைக்கும்போது பிரெட்டானோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். பாட்டில் புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் மணம் தூக்கலாக இருக்கும். மாதங்கள் ஆக ஆகத் தோல், வைக்கோல், லாயம். எனக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்டது பிடிக்கும். அதே வாசனை ஒரு டப்பலில் வந்தால் குறைதான்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழசாகி ஆக்ஸிஜன் பட்டிருக்கிறது. அழுகிய ரப்பர்போலக் குப்பென்று அடித்தால் வெளிச்சம் பட்டது: ஹாப்ஸில் உள்ள பொருள் ஒளியால் சிதைந்து கந்தக நாற்றம் தரும். பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி என்றால் நொதிப்பு கட்டுமீறிப் போயிருக்கிறது. இவற்றுக்கு எந்த ஸ்டைலும் சாக்கு இல்லை. ஒரு கடையில் வாங்கிய க்வாட் அட்டைப்பெட்டியாக நாறியபோது, "பெல்ஜியன் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அப்படி இருக்காது.

ரொம்பப் புளிப்பா ஒண்ணு குடிச்சேன், அதுவும் பெல்ஜியனாம். அதுவுமா ஏல்?

நீங்கள் குடித்தது லாம்பிக் அல்லது கேஸ் (gueuze) ஆக இருக்கலாம். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய சென் பள்ளத்தாக்கில், கொதித்த சாற்றைக் குளிர்கால இரவில் அகன்ற தொட்டியில் திறந்துவைத்து, காற்றிலும் மரத்திலும் உள்ள ஈஸ்ட்டுகளே வந்து நொதிக்க விடுவார்கள். 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலை இன்றும் அப்படித்தான் செய்கிறது. ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்தால் கேஸ். இது தனிக் குடும்பம். இதற்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது; முதல் பாட்டிலாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஒயின் மாதிரி வருஷக்கணக்கா வைக்கலாமா?

8%-க்கு மேற்பட்ட கறுத்த வகைகளை வைக்கலாம். ஷிமே நீலம், ரோஷ்ஃபோர் 10 போன்றவை இரண்டு மூன்று வருடத்தில் வாயு குறைந்து, உலர் பழமும் தேனும் கூடிப் பதமாகும். இருட்டில், 10 முதல் 15 டிகிரியில், நிமிர்த்தி வைக்க வேண்டும். விட்பியரை வைப்பது வீண். அது கறிவேப்பிலை மாதிரி, வாடுவதற்குள் எடுக்க வேண்டும்.

வெஸ்ட்வ்ளெட்டரன் 12 தான் உலகத்துலயே நம்பர் ஒன்னாமே?

ரசிகர்களின் மதிப்பீடுகளில் அது பலமுறை முதலிடம் பிடித்தது உண்மை. நல்ல பீர், சந்தேகமே இல்லை. ஆனால் துறவிகள் தங்கள் தேவைக்கு மேல் காய்ச்சுவதில்லை, நெடுங்காலம் முன்பதிவு செய்தவர்களுக்கே விற்றார்கள், மறுவிற்பனை கூடாது என்றார்கள். கிடைக்காத பொருளுக்கு ருசி கூடும். செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பெயரை மறைத்துக் கொடுத்தேன். ஐந்து பேரில் மூன்று பேர் பெர்னார்டஸைக் காட்டினார்கள்.

கூட என்ன சாப்பிடலாம்?

அங்கத்தியவர்களைப் பின்பற்றுங்கள். மாட்டிறைச்சியைக் கறுத்த பீரிலேயே வேகவைத்து, அதே பீரை ஊற்றிக்கொள்வார்கள். சிப்பிக்கு விட்பியர். ஷிமே, ஓர்வால் மடங்கள் பாலாடைக்கட்டியும் செய்கின்றன. ட்ரிப்பலின் வாயு அந்தக் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்துவிடும்.

ஒரே நாள்ல நாலு வகை பார்க்கணும்னா எந்த வரிசை?

இலேசிலிருந்து கனத்துக்கு: விட்பியர், சேஸோன், ட்ரிப்பல், கடைசியில் டப்பல் அல்லது க்வாட். ட்ரிப்பலில் ஆல்கஹால் அதிகம் என்றாலும் டப்பலுக்கு முன்னால் வைக்கிறேன். கருகல் மணம் நாக்கில் ஏறிவிட்டால் பிறகு மெல்லிய மசாலா எடுபடாது. நான்கு பேர் சேர்ந்து வகைக்கு ஒரு பாட்டில் திறந்து பங்கு போட்டால் ஆளுக்கு 80 மில்லிதான் வரும், அது தாராளம். நடுநடுவே தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. ஓர்வாலை நான் இந்த வரிசையில் சேர்ப்பதே இல்லை. அதற்குத் தனி நாள்.